இல்லை, அல்லது உனக்கில்லை

பார்வதிபுரம் மேம்பாலத்தில் போகிற பஸ்ஸும்
என் ஜன்னலும் ஒரே உயரம்.
காலை ஆறரைக்கு அட்டவணையைத் திறந்தேன்.
குளச்சலில் இறங்கிய நெய்மீன்,
சின்னமுட்டத்தில் எடைபோட்ட கணவாய்,
எல்லாம் அதில்தான்.

'அப்படி ஒன்று இல்லை,
அல்லது உனக்கு அனுமதி இல்லை'
என்றது திரை.

இரண்டில் எது என்று சொல்லாது.
பழுதல்ல, அதுதான் பாதுகாப்பு.
பூட்டிய அறை இருப்பதையே
வெளியாளிடம் ஒப்புக்கொள்ளக் கூடாதாம்.

வெள்ளிக்கிழமை வரை வெளியாள் இல்லை நான்.

ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தேன்.
அட்டவணையை வாசிக்கும் உரிமை
இன்னும் என் பெயரில் இருக்கிறது.
அட்டவணை இருக்கும் அறைக்குள்
கால் வைக்கும் உரிமைதான் இல்லை.
எனக்கென்று விளம்பி வைத்த சோறு
கதவுக்கு அந்தப் பக்கம் ஆறுகிறது.

அறையைக் கட்டியவன் ஷாஜு டென்னிஸ்.
வேலையை விட்டு தோஹா போய்விட்டான்.
அவன் கட்டியதும் அவனுக்குச் சொந்தமில்லை,
அவன் போட்டிருந்த ரோலுக்குச் சொந்தம்.
இங்கே எல்லாமே அப்படித்தான்.
சட்டையைக் கழற்றினால்
வீடும் சட்டையோடு போய்விடும்.

ராத்திரி ஷிப்டில் மனோவா
அந்த அறையை வேறு ரோலுக்கு மாற்றியிருக்கிறான்.
மாற்றும்போது ஒரு கேள்வி வரும்:
பழைய அனுமதிகளை வைத்துக்கொள்ளவா, துடைக்கவா?
தூக்கக் கலக்கம்.
துடை என்றிருக்கிறான்.
இப்போது போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறான்.

ஐஸ் கம்பெனி சூசை அண்ணனைக் கூப்பிட்டேன்.
எந்த ரோலும் இல்லாத மனுஷன்.
கூடையைப் பார்த்தே எடை சொன்னார்,
கூடவே மழையைத் திட்டினார்.
கையால் எழுதி, படம் பிடித்து
கொச்சிக்கு அனுப்பிவிட்டு
அரை நாள் லீவு போட்டேன்.

இரணியல் சார்பதிவாளர் ஆபீஸில்
தம்பி பெர்லின் டோக்கனோடு நிற்கிறான். முப்பத்தேழு.
'ஒரு கையெழுத்துதானாக்கும்' என்கிறான்.
அப்பாவின் பதினொன்றரை சென்ட்,
அதில் வீடு, ஆறு தென்னை, ஒரு கிணறு.
எனக்குத் தந்த நகையின் பவுன் கணக்கு
அவனுக்கு மனப்பாடம்.

பத்திர எழுத்தர் தாணுமாலயன்
மூச்சு விடாமல் வாசிக்கிறார்:
சர்வ சுதந்திர பாத்தியங்களும் இனி அவருக்கே,
எனக்கோ என் வாரிசுகளுக்கோ
இனிமேல் யாதொரு உரிமையும்

'அண்ணாச்சி, பழைய அனுமதிகளை
வைத்துக்கொள்ள ஒரு வரி உண்டுமா?'

கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
'எதுக்கு?'

யோசித்து வரவில்லை நான்.
'கிணற்றுக்கு' என்றேன்.
'கேட்டிலிருந்து கிணறு வரைக்கும்.'

'வழிநடை பாத்தியம்' என்றார்,
மறந்துபோன சாவி கையில் கிடைத்தவர் போல.
'எழுதலாம். நீர் இறைக்கும் பாத்தியமும் சேர்த்து
எழுதலாம். தம்பி சம்மதிக்கணும்.'

'அங்க மோட்டார் போட்டாச்சு' என்றான் பெர்லின்.
பிறகு,
'உன்னய வராண்டாம்னு யாரு சொன்னா?'

'வரலாம்னும் யாரும் எழுதல்லியே.'

முப்பத்தேழு கூப்பிட்டார்கள்.
முப்பத்தெட்டும் போனது.
தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு
வியாழக்கிழமை வரச் சொன்னார் தாணுமாலயன்.

தக்கலை பஸ் ஸ்டாண்ட் வரை
பைக்கில் அவன் ஒன்றும் பேசவில்லை.
இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமல்,
'சாயா குடிக்கியா?' என்று கேட்டான்.
குடித்தோம். காசை அவன் கொடுத்தான்.
கிணற்றைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பஸ் வில்லுக்குறி தாண்டும்போது
மனோவா எழுந்துவிட்டான் போல.
போனில் அவன் செய்தி:
'ஸாரி. கொடுத்துட்டேன். இப்போ தெரியுதா?'

ஜன்னல் ஷட்டரைத் தூக்கினேன்.
மழையில் ஒன்றும் தெரியவில்லை.
இருக்கிறதா இல்லையா என்று
இனி கேட்டுத்தான் பார்க்க வேண்டும்,
வியாழக்கிழமை.